ஊத்தங்கரை மூழ்கினால் எந்த மருத்துவரை அழைப்பது?

பாரூர்க்காரன்:
2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டன. அடுத்த மழைக்கு முன், உதவ முன்வரும் தனியார் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் பெயர்களை ஒன்றியவாரியாக எழுதிவைக்க வேண்டும். இதில் யாருக்கு என்ன மறுப்பு?

அரூர் ஓய்வூதியர்:
எனக்கு இருக்கிறது. சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு வெள்ளத்தின்போது ஒரே தெருவில் மூன்று முகாம்கள். ஒரு பாட்டி மூன்றிலும் வரிசையில் நின்று மூன்று பொட்டலம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டார். கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாத்திரையைக் கூட்டி விழுங்கி மயங்கியவரைத் தூக்கி ஓடியது நாங்கள்.

பாரூர்க்காரன்:
ஐயா, பட்டியல் இல்லாததால் வந்த வினை அல்லவா அது? பதிவு எண்ணைச் சரிபார்த்து, யார் எந்த முகாம் என்று முன்பே பிரித்துவிட்டால் மூன்று பேர் ஒரே தெருவுக்கு ஏன் வருகிறார்கள்?

இரவுப்பணி:
நான் செவிலி. இருவருமே மருத்துவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். முகாமுக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது, வெள்ளத்தில் போன இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரையையும்தான். சீட்டும் சேர்ந்தே போயிருக்கும். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்பார்கள். சேற்றில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் கொடுக்கும்போது, கர்ப்பிணிகளைக் கேட்டுப் பிரித்துவிடவும் ஆள் வேண்டும். யாருக்கு என்ன மாத்திரை என்று அறிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொடுப்பவர்கள். பட்டியலை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

அரூர் ஓய்வூதியர்:
நல்ல யோசனைதான், தாயி. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்குமே? தன் பிள்ளையைப் பார்ப்பாரா, ஊரார் மாத்திரையைப் பார்ப்பாரா?

இரவுப்பணி:
அவர் குறிப்பேட்டின் நகல் ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேட்டில் இருக்கட்டும். ஆளை வெளியிலிருந்து வரவழைக்கலாம்.

பாரூர்க்காரன்:
ஊத்தங்கரைக்கு ஓசூரார், ஓசூருக்கு ஊத்தங்கரையார். இரண்டும் ஒரே நாளில் மூழ்காது என்றே நினைக்கிறேன்.

அரூர் ஓய்வூதியர்:
வரட்டும். 1077-ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, எந்த முகாம் என்று கேட்டுக்கொண்டு வரட்டும். கேட்காமல் வருகிற வண்டியை நான் இப்போதும் திருப்பித்தான் அனுப்புவேன்.