தாத்தா செய்த எழுதுமேசை: இழைத்து மெருகிடலாமா?

கேள்வி:
வணக்கம். என் தாத்தா தம் கையாலேயே செய்ததாக வீட்டில் சொல்லப்படும் எழுதுமேசை ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மேற்பலகையில் நார் ஓடும் வாக்கில் வெடிப்பு விட்டிருக்கிறது. வலப்பக்க இழுப்பறை பாதியில் சிக்கிக்கொள்கிறது. முழுவதையும் இழைத்துப் புதிதாக வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. தாத்தா தச்சுத் தொழில் செய்தவர் அல்லர் என்பதால், அவரே செய்தாரா, வாங்கியதைச் செப்பனிட்டாரா என்ற ஐயமும் இருக்கிறது. மேசையை வைத்தே அதை அறிய வழி உண்டா?

பதில் 1:
இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்து அடிப்பலகையையும் பின்பலகையையும் பாருங்கள். கண்ணில் படாத இடத்துக்குப் பெரும்பாலும் யாரும் மெருகிடுவதில்லை என்பதால், செய்தவரின் கை அங்கேதான் தெரியும். டார்ச் விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், கை இழைப்புளி ஓடிய தடங்கள் ஆழமற்ற வாய்க்கால்களைப் போல எழுந்து தெரியும். இயந்திர வட்டரம்பத்தில் அறுத்த பலகை என்றால் வளைகோடுகள் இருக்கும். மூலைகளில் புறாவால் இணைப்பு (புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்த மூட்டு) இருந்தால், அதன் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடுகின்றனவா, அளவுக்காகக் கீறிய கோடு இன்னும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இழைப்புளித் தடங்களும் இத்தகைய பற்களும் கைவேலை என்று காட்டுமே ஒழிய, யாருடைய கை என்று காட்டா; அதற்குப் பென்சில் குறிப்புகளைத் தேடிப் பழைய கடிதங்களோடு ஒப்பிட வேண்டும். கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள் 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவலாயின என்பதால் மேசையின் காலத்தை ஊகிக்க உதவும், ஆனால் அவை பிற்காலத்தில் மாற்றப்பட்டவையாகவும் இருக்கலாம்.

பதில் 2:
வெடிப்புக்கு மக்கு பூசுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும். மேற்பலகையை இரு ஓரங்களிலும் திருகாணியால் இறுக்கியிருந்தால், சுருங்க வழியின்றி அது வெடிக்கத்தான் செய்யும். கீழே உள்ள சட்டத்தின் துளைகளை அகலவாக்கில் சிறிது நீட்டிவிட்டால் பலகை நகர இடம் கிடைக்கும். இழுப்பறை ஓடும் கட்டைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

பதில் 3:
பயன்படுத்தும் மேசைக்கு மெருகு வேண்டும் என்று தம்பி நினைப்பதில் தவறில்லை. இழைப்பதுதான் தேவையற்றது, ஏனெனில் காலத்தால் நிறம் முதிர்ந்த மேற்பரப்பு போனால் போனதுதான். மறைவான ஓரிடத்தில் சாராவி (ஆல்கஹால்) நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அவலரக்கு (ஷெல்லாக்) மெருகு. தூசியைத் துடைத்துவிட்டு அதே மெருகை மெல்லியதாக மேலே ஏற்றலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பின்பலகையின் உட்புறத்தில் ஓர் அளவு பென்சிலால் எழுதி அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறோர் அளவு எழுதப்பட்டிருக்கிறது. அதிலுள்ள குறுக்குக் கோடிட்ட 7, தாத்தாவின் கடிதங்களில் உள்ளதைப் போலவே இருக்கிறது. திருகாணிகளைத் தளர்த்தியவுடன் வெடிப்பை ஒட்டிவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடக்கட்டும். வெடிப்பு எவ்வளவு திறந்து மூடுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு அதே மரத்தின் மெல்லிய சீவலை வைத்து ஒட்டுங்கள்.