அமெரிக்காவில் டொர்னாடோவை (மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று) அருகிலிருந்து பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நார்மன், ஒக்லஹோமா

2013 மே 20. காலையிலிருந்தே தெற்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுப்பு. மத்தியானம் வரை நல்ல வெயில். அப்புறம் மேற்கே ஒரு மேகம் எழும்ப ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்துக்குள் வானத்தில் பாதியை அடைத்துவிட்டது. மூன்று மணி வாக்கில் சைரன். எங்களுக்கு வடக்கே, பக்கத்து ஊரான மூர் வழியாக அது போனது. சுமார் 40 நிமிடம் தரையில் இருந்து, சுமார் 22 கிலோமீட்டர் தூரம் அழித்துக்கொண்டே போனது. 24 பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் ஒரே தொடக்கப்பள்ளியில் இருந்த குழந்தைகள். இன்றைக்கும் அதை எழுதக் கை வரவில்லை.

உதவிக்குப் போனபோது பார்த்தது: மரங்களில் பட்டையே இல்லை. வீடு இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் மட்டும், துடைத்து வைத்த மாதிரி. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சமையலறை அலமாரியில் தட்டுகள் அடுக்கினபடியே இருந்தன. இதே மூரை 1999 மே 3 அன்றும் ஒரு டொர்னாடோ தாக்கியது. அதன் காற்று வேகம் மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் என்று ரேடாரில் பதிவானது.

டாலஸ், டெக்சாஸ்

எங்களுக்கு 2019 அக்டோபர் 20, ஞாயிறு ராத்திரி. எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. இங்கே பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்ட் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற குட்டி அறைக்குள் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், பிள்ளைகள் தலையில் சைக்கிள் ஹெல்மெட். காது அடைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தெரு தப்பித்தது, நகரத்தின் வடபகுதியில் கடைகளும் வீடுகளும் நொறுங்கிக் கிடந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை, கடவுள் புண்ணியம்.

மறுநாள் அம்மா மதுரையிலிருந்து போனில் கேட்டார்: "இங்கயும்தான் வெயில் கொளுத்துது, இடி மழை கொட்டுது. இது ஏன் உங்க ஊருக்கு மட்டும் வருது?" எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது விளக்குங்களேன்.

நார்மன், ஒக்லஹோமா

அம்மா கேட்டது சரியான கேள்வி. வெயிலும் ஈரமும் மட்டும் போதாது, அதனால்தான் மதுரையில் இடி மழையோடு முடிந்துவிடுகிறது.

இங்கே மூன்று காற்றுகள் வந்து சேர்கின்றன. கீழே, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று. அதற்கு மேலே, மெக்சிகோ பீடபூமியிலிருந்தும் தென்மேற்குப் பாலைவனங்களிலிருந்தும் வரும் வறண்ட வெப்பக்காற்று. இது ஈரக்காற்றை எழும்ப விடாமல் குக்கர் மூடி போல அமுக்கி வைக்கும். காலையில் வானம் வெறிச்சென்று இருப்பது இதனால்தான், உள்ளூர்க்காரர்கள் அந்த வெயிலை நம்பவே மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் மூடி எங்காவது ஓர் இடத்தில் திறந்தால், சேர்ந்திருந்த சூடெல்லாம் அந்த வழியாக ஒரேயடியாக மேலே பாயும்.

மூன்றாவது, இன்னும் உயரத்தில் ராக்கி மலைகளைத் தாண்டி மேற்கிலிருந்து விரையும் ஜெட் காற்று. கீழ்க்காற்று ஒரு திசை, மேல்காற்று வேறு திசை, வேகமும் பல மடங்கு. இந்த வித்தியாசத்தில் இடையிலுள்ள காற்று படுத்தவாக்கில் உருளத் தொடங்குகிறது. மேலே பாயும் காற்று அந்தச் சுழலை நிமிர்த்திவிட்டால் மேகம் முழுவதுமே சுழலும். சூப்பர்செல் என்பது அதுதான். அதிலும் பெரும்பாலானவை டொர்னாடோ போடாமலே கலைந்துவிடும். எது போடும், எது போடாது என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை கிழக்கு மேற்காக, தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. இங்கே ராக்கி வடக்கு தெற்காக ஓடுவதால் வளைகுடா ஈரத்துக்குக் குறுக்கே எதுவும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோ இந்த ஒரு நாட்டில்.

நம் பக்கத்திலும் ஓர் இடம் உண்டு: வங்கதேசம். வங்காள விரிகுடாவின் ஈரம், இந்தியாவிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று, மேலே பலமான மேற்குக் காற்று என்று ஏப்ரல் வாக்கில் அங்கேயும் இதே சேர்க்கை. 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் பகுதியில் சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. உலகத்தில் அறியப்பட்டதிலேயே அதிக உயிர்களை வாங்கிய டொர்னாடோ அதுதான். தகரமும் மூங்கிலும் மண்ணுமாக வீடுகள், எச்சரிக்கை என்று ஒன்றும் இல்லை.

ஹண்ட்ஸ்வில், அலபாமா

எல்லாரும் ஒக்லஹோமாவைத்தான் பேசுகிறார்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 2011 ஏப்ரல் 27 அன்று எங்கள் மாநிலத்தில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே சமவெளி, தூரத்திலேயே தெரியும். இங்கே மரமும் குன்றும் மழைத்திரையும் மறைத்துவிடும். குளிர்காலத்தில் ஜெட் காற்று தெற்கே இறங்கி வருவதால் டிசம்பரிலும் வரும், நடுராத்திரியிலும் வரும். தகர வீடு மாதிரியான மொபைல் ஹோம்களில் குடியிருப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

அன்றைக்கு மின்தடங்கள் சரிந்து ஊரே நாள்கணக்கில் இருண்டு கிடந்தது. டவர் இல்லை, டிவி இல்லை. பேட்டரி ரேடியோ ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் அதை வாங்குங்கள். உள்ளறைக்குப் போகும்போது காலில் ஷூ போட்டுக்கொண்டு போங்கள், வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியும்தான் கிடக்கும்.