மைனஸ் 30ல பிளாக் ஹீட்டர் எவ்ளோ நேரம் போடணும்?

கோவைக்காரன்:
வணக்கம் நண்பர்களே, கனடாவுல வின்னிபெக்ல எனக்கு இது முதல் குளிர்காலம். பழைய கொரோலா ஒண்ணு வாங்கியிருக்கேன், முன்னாடி கிரில்லுக்குள்ள இருந்து மூணு பின் பிளக் ஒண்ணு தொங்குது, பிளாக் ஹீட்டராம், கரண்ட்ல இன்ஜின சூடாக்குறதாம். நேத்து காலைல மைனஸ் 29, சாவிய திருப்பினா இன்ஜின் உர்ர்... உர்ர்...னு இழுத்து இழுத்து சுத்தி ஒரு வழியா ஸ்டார்ட் ஆச்சு, ஆனா அந்த சத்தம் கேட்டாலே வயித்த கலக்குது. ராத்திரி பூரா சொருகி வைக்கணுமா? கரண்ட் பில் எகிறுமா? இல்ல வீட்டுக்குள்ள இருந்தே ஸ்டார்ட் பண்ற ரிமோட் ஸ்டார்ட்டர் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டா போதுமா?

எட்மன்டன் அண்ணை:
தம்பி, மைனஸ் 15க்குக் கீழ போனா கட்டாயம் போடுங்கோ. இரவு முழுக்கத் தேவையில்லை, மூண்டு நாலு மணித்தியாலம் காணும், அதுக்குப் பிறகு பெரிசா சூடு ஏறாது, கரண்ட் மட்டும்தான் போகும். டைமர் ஒண்டு வாங்கி, 7 மணிக்கு வேலைக்குப் போறதெண்டா 3 மணிக்கு ஓன் ஆகிற மாதிரி வையுங்கோ. 400 வாட் ஹீட்டரெண்டா 4 மணித்தியாலத்துக்கு 1.6 யூனிட்தான். பிளக்கைச் செருகினவுடன கிரில்லுக்குக் கிட்டக் காதை வைச்சுக் கேளுங்கோ, கேத்தில் சூடாகத் தொடங்கேக்க வாற மாதிரி மெல்லிய இரைச்சல் வரும்.

ஸ்பேனர்மணி:
அண்ணன் சொன்னது சரி. சத்தம் கேக்கலன்னா மல்டிமீட்டர் வச்சு பிளக்கோட ரெண்டு தட்டை பின்லயும் பாருங்க, 400 வாட்டுக்கு மின்தடை 36 ஓம் பக்கம் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா ஒயரோ ஹீட்டரோ போயிடுச்சு. இந்த ஹீட்டர் பெரும்பாலும் சூடாக்குறது கூலன்ட்ட, அதாவது இன்ஜினுக்குள்ள ஓடற திரவத்த, அதுல இருந்து இன்ஜின் பிளாக்குக்கு சூடு ஏறும். இந்தக் குளிர்ல ஆயில் பாகு மாதிரி கெட்டியாயிடும், பேட்டரியும் மைனஸ் 18லயே கிட்டத்தட்ட பாதி பலத்த இழந்துடும், ரெண்டும் சேர்ந்துதான் நீங்க கேட்ட அந்த உர்ர். ரிமோட் ஸ்டார்ட்டர் இதுக்கு மாத்து இல்லைங்க, ஆயில் மேல ஏறாத அந்த முதல் சில செகண்டுல இன்ஜின் தேயும், ரிமோட்ல போட்டாலும் அது ஜில்லுன்னுதானே ஸ்டார்ட் ஆகுது. மேனுவல்ல 0டபிள்யூ-20ன்னு, அதாவது குளிர்லயும் சுலபமா ஓடற ஆயில் வகை, போட்டிருந்தா அதையே ஊத்துங்க. அப்புறம் தயவுசெஞ்சு மூடின கராஜ்ல ஓடவிடாதீங்க, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, வீட்டுக்குள்ள வந்தாலும் தெரியாது, கதவு திறந்திருந்தாலும் வேணாம்.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரி சொருகிப் பாத்தேன், அந்த இரைச்சல் கேட்டுச்சு! காலைல ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிடுச்சு, காருக்குள்ள இருக்கற ஹீட்டர்லயும் சீக்கிரமே சூடு காத்து வந்துச்சு. வீட்டுக்குள்ள கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரத்தான் யூஸ் பண்ணேன், பரவாயில்லயா?

எட்மன்டன் அண்ணை:
வேண்டாம் தம்பி, அது குளிருக்கு விறைச்சு வெடிச்சுப் போகும். வெளியில பாவிக்கிற, 14 கேஜ் தடிப்புள்ள வயர் வாங்குங்கோ. போட்டாப் பிறகு அதில ஒரு சுத்தை டிரைவர் பக்கக் கண்ணாடியில கொழுவி விடுங்கோ, கழட்டாமல் காரை எடுக்க மாட்டியள்.