அறுபது நிறைந்த நாள், ஷிகோக்குவில்

ஊரைவிட்டு வெளியே பெரிய பிறந்தநாள் கொண்டாடியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாலி, பாரிஸ் என்று பலர் எழுதியதை ஆசையாகப் படித்தேன். நான் போனது ஜப்பானின் ஷிகோக்கு தீவுக்கு. 2025 நவம்பரில் எனக்கு அறுபது நிறைந்தது அங்கேதான்.

என் ஊர் மயிலாடுதுறை. திருக்கடையூர் பக்கத்திலேயே இருப்பதால் அறுபதாம் கல்யாணங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கலசங்களை வரிசையாக வைத்து, ஹோமம் வளர்த்து, பெரியவர்களை மணையில் உட்காரவைத்துப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் ஈரம் துவட்டி, புதுப் புடவை கட்டி, மறுபடி ஒரு தாலி. சொந்தத்தில் யாருக்கு என்றாலும் பந்தி பரிமாற முதல் ஆளாக நிற்பேன். என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதனால் என்னுடைய அறுபதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. யார்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அது தம்பதிக்கான சடங்கு, தனியாக நிற்பவளுக்கு அதில் மணை கிடையாது. அக்கா மட்டும், "அன்னைக்கு அபிராமிக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடு" என்றாள். ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மகள், "அம்மா, நான் லீவு போட்டுட்டேன். நீ இங்க வந்துடு, நடக்கலாம்" என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டாள்.

ஷிகோக்குவில் தீவைச் சுற்றி 88 கோயில்கள். குகாய் என்ற பௌத்தத் துறவி (774–835) நடந்த இடங்கள் என்று மக்கள் நம்பும் கோயில்கள். அவரைக் கோபோ தாய்ஷி என்று பக்தியோடு சொல்கிறார்கள். முழுச் சுற்றும் சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்தே முடிப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் பிடிக்கும். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, தொடக்கத்தில் இருக்கும் சில கோயில்கள் போதும் என்று முடிவு செய்தோம்.

ஒசாகாவிலிருந்து பேருந்து. அகாஷி கடல்பாலத்தில் ஏறியதும் வண்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் மட்டும் 1,991 மீட்டர். அதைத் தாண்டினால் அவாஜி தீவு, அப்புறம் நருத்தோ பாலம், அதோடு ஷிகோக்கு வந்துவிடுகிறது. முதல் கோயிலான ரியோசென்ஜி இருக்கும் பாந்தோ என்ற சின்ன ஊரில், வீட்டோடு சேர்ந்த ஒரு விடுதியில் இரவு தங்கினோம். நடத்துபவர் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. வெளிநாட்டுப் பயணி என்பதால் என் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்தவர், அதிலேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார். மகளிடம் ஏதோ கேட்டார். "நாளைக்குத்தானேன்னு கேக்கறாங்கம்மா. பாம்பு வருஷமாம் நீ" என்றாள்.

நம் ஊரில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழல்வது போலவே அங்கேயும் அறுபதுக்கு ஒரு சுழற்சி. பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் சேர்ந்து அந்தக் கணக்கு வரும். 1965 மரப் பாம்பு ஆண்டு, 2025-உம் அதேதான். நமக்கு அப்போதும் இப்போதும் விசுவாவசு. பிறந்த ஆண்டே திரும்பி வருவதால் அறுபதை மறுபிறப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கன்ரெகி என்று பெயர். அன்றைக்குக் குழந்தைக்குப் போடுவது போலச் சிவப்பில் கையில்லாத சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டு உட்காரவைப்பார்கள். சிவப்பு கெட்டதை அண்டவிடாது என்று நம்பிக்கை. இதையெல்லாம் மகள் படுக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

காலையில் சாப்பிட வந்தால், என் இடத்தில் மட்டும் மூடிபோட்ட ஒரு கருப்புக் கிண்ணம். திறந்தால் சிவப்புச் சோறு, செகிஹான். பசையரிசியைச் சிவப்புக் காராமணி மாதிரியான அஸுகிப் பயறோடு சேர்த்து ஆவியில் வேகவைப்பார்கள். பயறு வெந்த தண்ணீரின் நிறம்தான் சோற்றுக்கும். அரிசியை ராத்திரியே ஊறப்போட வேண்டும், அப்படியென்றால் பாஸ்போர்ட்டைப் பார்த்த கையோடு ஊறப்போட்டிருக்கிறார். மற்ற ஊர்களில் இதற்கு எள்ளும் உப்பும் தூவுவார்களாம். நாங்கள் இருந்த தொகுஷிமா பக்கம் எள்ளும் சர்க்கரையும். எனக்கு அந்த முதல் கவளம் எள்ளுருண்டை தின்ற ஞாபகத்தைக் கொண்டுவந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே அந்தச் சிவப்புச் சட்டை. பஞ்சு வைத்துத் தைத்தது, தங்க நூலில் நாரையும் ஆமையும். தோள் தையல் ஒரு இடத்தில் பிரிந்து, வேறு சிவப்பு நூலில் மறுபடி தைத்திருந்தது. ஸ்வெட்டருக்கு மேலேயே போட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "இது உங்க வீட்டுக்காரருக்கு வாங்கினதா?" என்று மகள் கேட்டாள். இல்லையாம். அவர் ஐம்பத்தேழு வயதில் போய்விட்டார். இவருக்கு அறுபது ஆனபோது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. தங்கையும் இதே சட்டையைப் போட்டுக்கொண்டாராம், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரும்.

எனக்குச் சட்டென்று கேட்கத் தோன்றியது. "தனியாவா உக்காந்தீங்க?" மகள் அதை மொழிபெயர்த்துக் கேட்டபோது பாட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாவது முறை கேட்டதும், "அறுபது எனக்குத்தானே ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டார். ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அந்தச் சட்டையோடு அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பதறவில்லை, டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு ரியோசென்ஜி. யாத்திரைக்கு வேண்டியது எல்லாம் அங்கேயே கிடைக்கிறது: வெள்ளை மேலாடை, கோரைத் தொப்பி, கைத்தடி. வழியில் இறந்தால் அதுவே பிணத்துணி என்று அந்தக் காலத்தில் வெள்ளை உடுத்திக் கிளம்பியிருக்கிறார்கள். இப்போது கல்லூரிப் பையன்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், கிழவர்கள் எல்லோரும் அதே வெள்ளைதான். நம் பக்கம் வெள்ளைக்கு இருக்கும் பொருள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் அதைப் போட்டுக்கொள்ள என் கை தயங்கவில்லை.

வாசலில் கும்பிட்டு, கை கழுவி, மணி அடித்து, மெழுகுவத்தியும் மூன்று ஊதுவத்தியும் ஏற்றி, மூலவருக்கு ஒரு முறை, தாய்ஷிக்கு ஒரு முறை பௌத்த சூத்திரம் சொல்ல வேண்டும். மணியை உள்ளே போகும்போதுதான் அடிக்க வேண்டும், திரும்பும்போது அடிக்கக் கூடாது. கடைசியில் முத்திரைப் புத்தகத்தை நீட்டினால் சிவப்பு முத்திரை குத்தி, மேலே தூரிகையால் எழுதித் தருகிறார்கள், கோயிலுக்கு 500 யென். தடியைத் தாய்ஷியாகவே நினைக்கிறார்கள். பாலத்தின் மேல் தடியை ஊன்றக் கூடாது, அடியில் அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். விடுதி போய்ச் சேர்ந்ததும் நம் காலைக் கழுவுமுன் தடியின் காலைக் கழுவ வேண்டும். இந்தப் பழக்கங்கள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன.

ஐந்தாம் கோயில் வரை மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். வீடுகளுக்கு நடுவே, முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே பாதை போகிறது. நான்காம் கோயிலுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றம்.

மூன்றாவதான கொன்சென்ஜியில் ஒரு கிணறு. அதில் எட்டிப் பார்த்து முகம் தெரிந்தால் 92 வயது வரை ஆயுசு, தெரியாவிட்டால் மூன்று வருடத்துக்குள் முடிவு என்று நம்பிக்கை. மகள் அந்தப் பக்கம் என்னை விடவே இல்லை. "பொறந்தநாள் அதுவுமா எதுக்கும்மா?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சாமியின் ஊர்க்காரி நான், எனக்கென்ன பயம் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். தண்ணீர் கருப்பாக இருந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை, பிறகு நெற்றி, மூக்கு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. "தெரியுதா, தெரியுதா?" என்று பின்னால் குரல். "இன்னும் முப்பத்திரண்டு வருஷம் நீ என்னைப் பாத்துக்கணும்" என்றேன். அப்புறம்தான் அவளும் எட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் கோயிலுக்கு முன்னால் ஒரு சின்ன லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கிய பெரியவர் ஒரு பை நிறைய மிக்கான் ஆரஞ்சுகளை நீட்டினார். யாத்ரீகருக்கு இப்படிக் கொடுப்பது ஒசெத்தாய். மறுக்கக் கூடாது, அவர் தாய்ஷிக்கே கொடுப்பதாக நினைத்துத்தான் தருகிறார். நம் ஊரில் பழனி பாதயாத்திரைக்காரர்களுக்கு வழியெல்லாம் மோரும் சோறும் கொடுப்பவர்களும் இப்படித்தானே நினைக்கிறார்கள்! பதிலுக்குப் பெயர், ஊர், வயது எழுதிய ஒரு காகிதச் சீட்டைத் தர வேண்டும். புதியவர்களுக்கு வெள்ளைச் சீட்டு, ஐம்பது சுற்று முடித்தவர்களுக்குத் தங்க நிறம். என்னுடையதில் பெயரும் ஊரும் தமிழில் இருந்தன. வயதை மட்டும் எண்ணில் எழுதியிருந்தேன். 60 என்பதையும் தேதியையும் மகள் காட்டிச் சொன்னதும், பெரியவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வாழ்த்தினார். பிறகு லாரிக்குப் போய் இன்னொரு பை எடுத்துவந்தார். அவ்வளவு ஆரஞ்சையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல், எதிரே வந்த யாத்ரீகர்களுக்கெல்லாம் கொடுத்தபடியே போனோம். என் பிறந்தநாள் பந்தி அதுதான்.

அன்று மாலை ஆறாவது கோயிலான அன்ராகுஜிக்கு டாக்ஸியில் போய்த் தங்கினோம். கோயிலிலேயே வெந்நீர்க் குளியல் உண்டு. பெண்கள் எல்லோரும் ஒன்றாக, உடம்பில் துணியில்லாமல் இறங்க வேண்டும். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, இறங்கிய பிறகு கால்வலி போன வேகத்தில் கூச்சமும் போய்விட்டது.

என்னைப் போலத் தனியாக அறுபதுக்கு வரப்போகும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து யோசியுங்கள். ஏப்ரலும் நவம்பரும் நல்ல மாதங்கள், வெயிலும் இல்லை, நடுக்கும் குளிரும் இல்லை. முத்திரை போடும் இடம் காலை 8 முதல் மாலை 5 வரைதான், அதற்கேற்பக் கிளம்புங்கள். சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள். சூப்பிலும் குழம்பிலும் மீன்சாறு சேர்ப்பார்கள். கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றில் செய்யச் சொன்னால் எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள். மூட்டுவலி இருப்பவர்கள் முதல் மூன்று கோயில்களோடு நிறுத்திக்கொள்ளலாம், அது 4 கிலோமீட்டர்தான். வேறு ஏதாவது வேண்டும் என்றால் கேளுங்கள், மகளிடம் விசாரித்து எழுதுகிறேன்.