சுகாதாரக் கொள்கை: மக்கள் திரள்வதால் நன்மையா, இடைஞ்சலா?

வேம்பு:
சுகாதாரக் கொள்கையை வல்லுநர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பேன். ஊர்வலமும் கையெழுத்து இயக்கமும் ஆள்பலத்தைக் காட்டும், எது சரி என்பதைக் காட்டாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் ஒரு மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2010இல் அந்த இதழே அதை விலக்கிக்கொண்டது. அதை நம்பித் திரண்ட பெற்றோர் குழுக்கள் கலைந்துவிட்டனவா? அவர்களும் சாதாரண மக்கள்தானே.

தும்பை:
அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தில் வல்லுநர்களிடம் விட்டுத்தானே இருந்தார்கள்? 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுநீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அதிகாரிகளின் கூட்டத்துக்கே கொண்டுபோனார்கள். தண்ணீரில் ஆபத்தில்லை என்றே அதிகாரிகள் சொல்லி வந்தார்கள்.

வேம்பு:
ஈயம் கண்ணுக்குத் தெரியாது தும்பை, பாட்டிலைத் தூக்கிக் காட்டி என்ன பயன்? கண்டுபிடித்தது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகம். அப்புறம், குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அலசிய ஒரு மருத்துவர். மறுபடியும் வல்லுநர்கள்தான்.

தும்பை:
ஆய்வகத்துக்கு மாதிரி எப்படி வந்தது? ஊர்க்காரர்களே குப்பிகளைக் கொடுத்து, பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்து, திரும்ப வாங்கி அனுப்பினார்கள். குழாயை ஆறு மணி நேரமாவது திறக்காமல் வைத்து, முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். அரசுத் தரப்புச் சோதனையிலோ, முந்தைய இரவே குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிடச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் செய்தால் குழாயில் சேர்ந்த ஈயம் அடித்துப் போய்விடும், அளவு குறைத்தே காட்டும். வல்லுநர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 2015 அக்டோபரில் பழைய நீராதாரத்துக்கே திரும்பினார்கள்.

கடலோடி:
தென்னாப்பிரிக்காவையும் பாருங்கள். எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்று அதிபரே சந்தேகம் கிளப்பிய காலம் அது. 1998இல் தொடங்கிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற இயக்கம், மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதை நோயாளிகளுக்கே கற்றுக்கொடுத்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்க உதவும் நெவிரபின் மருந்து கர்ப்பிணிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று வழக்கும் போட்டது. 2002இல் அரசமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே அறிவியலைப் பிடித்துக்கொண்டு நின்றது தெருவில் இறங்கிய கூட்டம்தான்.

வேம்பு:
சரி, இரண்டிலும் மக்கள் சொன்னதே சரியாகிவிட்டது. அதனால்தான் அவை நம் நினைவில் நிற்கின்றன. ஃப்ளின்ட் குப்பிகளில் ஈயம் இல்லை என்று வந்திருந்தால் அந்தக் குழு ஒப்புக்கொண்டிருக்குமா? தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் எத்தனை ஆய்வைக் காட்டினாலும் ஒப்புக்கொள்வதில்லை. இதற்குப் பதில் வராத வரை நான் மாறப்போவதில்லை.

தும்பை:
நியாயமான கேள்வி. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து, எந்த வீடுகளில் எடுப்பது என்பதையெல்லாம் குப்பி கொடுப்பதற்கு முன்பே எழுதி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிட வேண்டும். சாதகமோ பாதகமோ, எல்லா முடிவையும் வெளியிட வேண்டும். இதையே அதிகாரிகளிடமும் கேட்பேன், வேம்பு. நீங்கள் கேட்பீர்களா?