கார்புரேட்டர் ஜிப்ஸியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: எந்த பெட்ரோல் பம்ப்?

கேள்வி:
1997 ஜிப்ஸி கிங், கார்புரேட்டர் வண்டி. 16 வால்வ் ஜி13பிபி எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின் ஏற்றுகிறேன். டேங்க் பழையதுதான், ஓட்டம் பெரும்பாலும் மலைப்பாதை. வால்ப்ரோ 255 (மணிக்கு 255 லிட்டர்) பம்ப்பை சேஸிஸில் மாட்டினால் போதுமா?

பதில் 1:
255 வேண்டாம் சார். 80 குதிரைத்திறன் இன்ஜின் முழுசாக மிதித்தாலும் மணிக்கு 25 லிட்டர் பக்கம்தான் குடிக்கும். மிச்சமெல்லாம் ரிட்டர்ன் குழாயில் டேங்குக்குத் திரும்பணும். அந்தக் குழாய் ஒல்லியாக இருந்தால் ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வ்) முழுக்கத் திறந்தும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) பிரஷர் இறங்காது. ஐடிலில் ரிச்சாகி (பெட்ரோல் அதிகமாகி) கரும்புகை தள்ளும். சுற்றிச் சுற்றியே பெட்ரோலும் சூடாகும். 3 பார் பிரஷரில் மணிக்கு 80–100 லிட்டர் தரும் பம்ப் தாராளம். பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீங்க, பிரஷரே இல்லாமல் அளந்ததாக இருக்கலாம். 3 பாரில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்க.

பதில் 2:
பம்ப்பைவிட டேங்க்தான் இங்கே பிரச்சினை. கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவை அறை இருப்பதால் ஒரு நொடி காற்று வந்தாலும் தெரியாது. இன்ஜெக்ஷனில் உடனே இழுவை போகும். கால் டேங்கில் ஏற்றம் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்; காய்ந்து ஓடினால் பம்ப் சீக்கிரம் போய்விடும். எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி டேங்க் பம்ப்போடு கிடைத்தால் யோசிக்காமல் அதையே போடுங்க. இல்லையென்றால் இடையில் 1–2 லிட்டர் சர்ஜ் டேங்க் (சின்ன துணை டேங்க்): டேங்கிலிருந்து குறைந்த பிரஷர் எலக்ட்ரிக் பம்ப் அதை நிரப்பும், ஹை பிரஷர் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். ரெயில் ரிட்டர்ன் சர்ஜ் டேங்குக்கு, அதன் மேல்வழி மெயின் டேங்குக்கு. ஹை பிரஷர் பம்ப் சர்ஜ் டேங்குக்குக் கீழே இருக்கணும். அதுக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்ச வராது.

கேட்டவர்:
பழைய ஹோஸ், வயரிங் அப்படியே இருக்கலாமா?

பதில் 3:
ஹோஸ் கட்டாயம் மாத்தணும். பழையது அரை பாருக்கும் குறைவான பிரஷர் பார்த்தது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (இன்ஜெக்ஷன் ஹோஸுக்கான தரம்) போடுங்க, 20% எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கும் தாங்கும். டேங்குக்குள் மூழ்கும் துண்டுக்கு ஆர்10தான். துளை போட்ட கிளாம்ப் ரப்பரை அறுக்கும், இன்ஜெக்ஷன் கிளாம்ப் வாங்குங்க. பம்ப்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்டர். முன்னாடி நுண்ணிய ஃபில்டர் வைத்தால் உறிஞ்சல் அடைபட்டு பம்ப் கத்தும்.

பம்ப்புக்குத் தனி ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். ரிலேயை ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இயக்கணும். இக்னிஷனில் நேராகக் கொடுத்தால் விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஓடும்போது பம்ப் முனையில் வோல்ட் பாருங்க, பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த்தைத் தேடுங்க. கடைசியாக ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க: ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் அரை பார் அளவுக்கு ஏறணும். ஏறவில்லையென்றால் ரிட்டர்ன் அடைப்பு அல்லது ரெகுலேட்டர்.