என் நாவலுக்கு நானே வரைந்த படங்கள்: வைப்பதா, எடுப்பதா?

வளவுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான். மூன்று வருடமாக எழுதிய ஒரு மாயக்கதை நாவலை இப்போதுதான் முடித்திருக்கிறேன். கதை நடப்பது எங்கள் ஐயா வீடு மாதிரி ஒரு வீட்டில். வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றிப் பகலில் எண்ணினால் பத்து கதவு. விளக்கு வைத்த பிறகு எண்ணினால் பதினொன்று. அந்தப் பதினோராவது அறை எந்தப் பங்காளியின் பங்கிலும் வராதது. அதற்குள் போகும் ஒரு பத்து வயதுப் பெண்தான் கதை.

எழுத ஆரம்பிக்கும் முன்பே வரைய ஆரம்பித்துவிட்டேன். முறையாகப் படித்ததில்லை. மத்தியானத்தில் பட்டாலையில் உட்கார்ந்து நிலைக்கதவைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மேலே கஜலட்சுமி, நிலைக்காலில் வரிசையாகக் கிளிகள். அடிக்கிளிக்கு மூக்கு இல்லை. யார் கல்யாணத்திலோ பந்தல்கால் இடித்து உடைந்தது என்பார்கள். அதை வரையக் கிட்டே போனபோதுதான் பார்த்தேன், உடைந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது. எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அந்தப் பெண் கதவைத் திறக்கத் தொடும் இடம் அதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வரைந்திருக்காவிட்டால் அந்த அத்தியாயமே இல்லை.

மொத்தம் 14 படங்கள். ஒன்பது வீடு, ஐந்து முகங்கள். பதிப்பாளர், “கதை நன்றாக இருக்கிறது, படங்களை ஓவியர் யாரிடமாவது கொடுத்துவிடலாம்” என்கிறார். முகங்கள் எனக்கே திருப்தியில்லை. அம்மாவும் மகளும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள். ஆனால் வீட்டை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. மாதிரிப் பிரதி வேறு எடுத்துப் பார்த்தோம், கோடுகள் பாதி காணாமல் போய்விட்டன. என்ன செய்யலாம்?

அச்சுக்கோடு:
அக்கா, கோடு காணாமல் போனதற்கு உங்கள் கை காரணமில்லை. ஏ4 தாளில் 0.1 என்ற மெல்லிய முனைப் பேனாவால் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெமி அளவுப் புத்தகத்தில் ஓரம் போக நாலேகால் அங்குல அகலம்தான் கிடைக்கும். படம் பாதியாகச் சுருங்கும்போது கோடும் பாதியாகும். 0.3, 0.5 பேனாவில் மறுபடி போடுங்கள். நெருக்கமாக நிழல்கோடு போட்ட இடங்களில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மை சேர்ந்து திட்டாகிவிடும். ஸ்கேன் செய்யும்போது சாம்பல் நிறம் வேண்டாம். சுத்தக் கறுப்பு வெள்ளையில் 1200 டிபிஐ வைக்கச் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள்.

தேவகோட்டை வாசகர்:
ஓவியரிடம் கொடுப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம் ஆச்சி. பொன்னியின் செல்வன் 1950இல் கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். எங்கள் வீட்டில் வந்தியத்தேவன் என்றாலே இன்றைக்கும் மணியம் போட்ட முகம்தான். நல்ல ஓவியர் கிடைத்தால் கதைக்கு இன்னொரு உயிர் வரும்.

பழைய அட்டை:
மேலே சொன்னது சரி, ஆனால் அது முகத்துக்குச் சரி. வீட்டுக்கு நான் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனைத்தான் சொல்வேன். 1937இல் அவருடைய ஹாபிட் நாவல் வந்தபோது உள்ளே இருந்த படங்கள், வரைபடங்கள், மேலுறை எல்லாம் அவரே வரைந்தவை. தனக்கு மனித உருவம் வராது என்று அவரே ஒப்புக்கொண்டவர். அந்தக் கதையின் நாயகன் பில்போவின் வீட்டுக் கூடத்தை வரைந்திருக்கிறார் பாருங்கள், அதில் கண் போவது ஆள் மேல் இல்லை. திறந்து கிடக்கும் வட்டக் கதவும் சுவர்க் கடிகாரமும்தான் கண்ணில் நிற்கும். அந்த வீட்டில் குடியிருந்தவர் மாதிரி வரைந்திருப்பார்.

அவருக்கும் அச்சில் எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. மேலுறையில் சூரியனுக்கும் டிராகனுக்கும் சிவப்பு கேட்டார். செலவு என்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில், கதைப்படி நிலா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் நிலவெழுத்துகளைத் தாளின் பின்பக்கம் அச்சிட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிய வேண்டும் என்றார். அதுவும் நடக்கவில்லை, முன்பக்கத்திலேயே வந்தது. பிறகு லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் என்ற பெரிய நாவலுக்காக, கதையில் வரும் குள்ளர்களின் சிதைந்த ஏட்டில் சில பக்கங்களைத் தானே செய்தார். ஓரத்தைக் கிழித்து, புகைக்குழாயால் பொசுக்கி, தையல் ஓட்டைகூடக் குத்தினார். 1954இல் முதல் பாகம் வந்தபோது செலவு கட்டாது என்று அதையும் சேர்க்கவில்லை.

ஐந்து முகங்களையும் எடுத்துவிடுங்கள் ஆச்சி. வேறு யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், வாசிக்கிறவர் மனசில் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வரட்டும். ஒன்பது வீட்டுப் படங்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆத்தங்குடிப் பொண்ணு:
ஆச்சி, எங்கள் வீட்டில் தரையில் பதிக்கும் பூக்கல் போடும் தொழில். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போடுவோம். கல்லின் முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கும். செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகுதான். தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியிலிருந்து எடுத்த பிறகுதான் பூ தெரியும்.

அத்தியாயத் தலைப்புக்கு அப்படி ஒரு கல் வரையுங்களேன். முதல் அத்தியாயத்தில் வெறும் அச்சு, அடுத்ததில் ஒரு கட்டம் நிறைந்திருக்கட்டும். இப்படியே போய்க் கடைசியில் முழுப் பூவும் வரட்டும். சின்னப் படம்தான், பதிப்பாளருக்கும் பெரிய செலவு வராது.

வளவுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கிளியை 0.5 பேனாவில் மறுபடி போட்டுப் பாதியாகச் சுருக்கி எடுத்துப் பார்த்தேன், மூக்கு உடைந்த இடம் தெளிவாக வந்துவிட்டது. முகங்களை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் இருக்கும், அதிலும் அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நிற்கிறாள்.

அந்த ஏட்டு விஷயம் படித்ததும் எழுந்துபோய் ஐயாவின் ரங்கூன் பேரேட்டை எடுத்தேன். பற்று, வரவுக்கு நடுவே கரையான் வழி போட்டிருக்கிறது. ஆட்கள் பெயரையெல்லாம் விட்டுவிட்டு, அந்தக் கையெழுத்தையும் கரையான் வழியையும் மட்டும் பார்த்து வரையப்போகிறேன். பதினோராவது அறையின் கணக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும்.

தங்கச்சி, கல் அச்சை நேரில் பார்த்து வரைய வேண்டும். சனிக்கிழமை ஆத்தங்குடி வரலாமா?

ஆத்தங்குடிப் பொண்ணு:
காலையிலேயே வாங்க ஆச்சி. வெயில் ஏறினால் சாயம் ஊற்ற மாட்டார்கள்.